செங்டுவில் வெயில் வந்த நாள்

அக்டோபர் 22

வந்து சேர்ந்தோம். கோயம்புத்தூரில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, சீனாவின் செங்டுவில் இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மகன் குகன் விமான நிலைய வாசலில் நின்றிருந்தான். மூன்று வருடத்தில் இளைத்திருக்கிறான். சுலோசனா அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். விமானத்தில் அவள் இரண்டு தடவை சேலம் எப்போது வரும் என்று கேட்டாள். தூக்கக் கலக்கம்தான். நீளமாக இருக்கைகள், ஓரத்தில் ஜன்னல். ரயில் என்று யாருக்கும் தோன்றும்.

வானம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. மழை வரும்போல என்றேன்.

"இல்லீங்கப்பா, இங்க எப்பவும் இப்படித்தான். சூரியன் வந்துட்டா ஆபீஸ்ல எல்லாரும் வேலைய விட்டுட்டு ஜன்னல்கிட்டப் போயி நிப்பாங்க" என்றான் குகன்.

கோபிச்செட்டிபாளையம் வெயிலில் மின்கம்பம் ஏறியே ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் இதைச் சொன்னால் எப்படி நம்புவது?

அக்டோபர் 23

குகன் குடியிருப்பது பழைய ஆறுமாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூன்றாவது மாடி. எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரிப் பச்சை இரும்புக் கதவு. எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தேன். எனக்குத்தான் குழப்பமாக இருந்தது.

கீழே முற்றம். நடுவில் ஒரு பெரிய மரம், சுற்றிலும் மூங்கில் நாற்காலிகள். காலையிலேயே நாலு பேர் உட்கார்ந்து கட்டைகளைக் கலைத்துப் போட்டு ஏதோ ஆடுகிறார்கள். கலைக்கும் சத்தம், பெருமழை ஓட்டுக்கூரையில் விழுவது மாதிரி மேலே கேட்கிறது. சுலோசனா வெகுநேரம் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

இவ்வளவு தூரம் எதற்கு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே என்று என் தம்பி சொன்னான். அடுத்த வருடம் என்பது… சரி, வந்தாயிற்று.

அக்டோபர் 24

குகன் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வடக்கே ஓர் ஊரில் புது ஆலைக்கு இயந்திரம் பொருத்துகிறார்களாம், இவன் இல்லாமல் ஆகாதாம். மூன்று வாரம். லீவு போட்டிருந்தும் விடவில்லை. முகம் வாடிப்போய் நின்றான். நாங்கள் என்ன குழந்தைகளா, போய்விட்டு வா என்று அனுப்பினேன்.

போகும் முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஓர் அம்மாவை அறிமுகம் செய்துவைத்தான். பெயர் லுவோ. அறுபத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, அகலமான தோள். இந்த ஊர் டவுன் பஸ் ஓட்டியவராம். எங்களைப் பார்த்ததும் "சி லெ மா?" என்றார்.

"சாப்டீங்களான்னு கேக்கறாங்க. இங்க வணக்கம் சொல்றதே அப்படித்தான்" என்றான் குகன்.

சுலோசனா சிரித்தாள். "நம்மூரு மாதிரியேதான் இருக்குது."

என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நாம் தமிழில் பேசினால் அது சீனத்தில் சொல்லும். அவர்கள் பேசினால் அது தமிழில் சொல்லும், வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி.

அக்டோபர் 25

ரசம் வைத்தேன். நான்தான் வைத்தேன். சுலோசனாவுக்கு இந்த அடுப்பு புதுசு.

அக்டோபர் 27

லுவோ அம்மா எட்டு மணிக்கே வந்து கதவைத் தட்டி, கையில் பையைத் தூக்கிக் காட்டினார். காய்கறிச் சந்தைக்கு. போகலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் சுலோசனா செருப்பை மாட்டிக்கொண்டாள். புடவைக்கு மேலே குகனின் நீல ஸ்வெட்டர்.

சந்தையில் எங்களைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. வெறித்துப் பார்க்கவில்லை, சிரித்துப் பார்த்தார்கள். ஒருத்தி புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள். ஆரஞ்சு விற்கிற ஆள் ஒரு பழத்தை உரித்து, சுளையைப் பிரித்து, சுலோசனாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் இன்னொன்று.

இங்கே இப்போது பட்டாணிக் கொழுந்துக் காலம் தொடங்குகிறது. கீரை மாதிரி குவித்து வைத்திருக்கிறார்கள். ஊரே அதற்குக் காத்திருக்குமாம்.

திரும்பும் வழியில் லுவோ அம்மா ஒரு பூங்காவுக்குள் அழைத்துப் போனார். மரத்தடிகளில் நூற்றுக்கணக்கில் மூங்கில் நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். மூடிபோட்ட கிண்ணத்தில் டீ வருகிறது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. குடிக்கக் குடிக்க ஒரு ஆள் நீண்ட மூக்குள்ள கெட்டிலோடு வந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை. சுலோசனா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ஏனுங்க, தலைக்கு வெக்கற மல்லிப்பூவக் கொண்டாந்து டீயில போட்டிருக்காங்க."

உண்மைதான். மல்லிகை வாசம். அவள் கிண்ணத்திலிருந்து ஒரு பூவைக் கரண்டியால் எடுத்து லுவோ அம்மாவின் காதோரம் வைத்துவிட்டாள். பஸ் ஓட்டிய அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்து அதை வைக்கவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒன்று கவனித்தேன். ஊரில் கல்யாண வீடு என்றாலே சுலோசனா இப்போது வர மறுக்கிறாள். "டீச்சர், என்னத் தெரியுதுங்களா?" என்று பழைய மாணவர்கள் வந்து நின்றால் முகம் வெளுத்துவிடும். இங்கே அவளிடம் யாரும் எந்தப் பெயரையும் கேட்பதில்லை. அவள் பேசாவிட்டாலும் தவறில்லை, எதைப் பேசினாலும் தவறில்லை. மொழி தெரியாத ஊரில் எல்லாரும் வார்த்தை கிடைக்காதவர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு அவள் இவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 28

குகன் பேசினான். அம்மாவிடம் கொடுங்கள் என்றான். குளிக்கிறாள் என்றேன். அப்புறம் அவனே மறுபடி கூப்பிட்டுவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டேன், தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்கலாமே என்று. நன்றாகத்தான் பேசினாள்.

அக்டோபர் 30

லுவோ அம்மா வீட்டில் சாப்பாடு. தனியாக இருக்கிறார். மகள் வேறு ஊரில். வீடு எங்கள் வீட்டைத் திருப்பிப் போட்டது மாதிரி. சுவரில் ஒரு படம்: கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், மடியில் ஒரு பூனை. கணவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை என்று குகன் சொல்லி வைத்திருக்கிறான். அதனால் கறியே இல்லாமல், மேசை கொள்ளாமல் செய்து வைத்திருந்தார். பட்டாணிக் கொழுந்து வதக்கல், கத்தரிக்காய், உருளைக்கிழங்குச் சீவல், மிளகாய் எண்ணெயில் மிதக்கும் டோஃபு. அந்த எண்ணெயில் மிளகு போல ஒன்று கிடக்கிறது. கடித்தால் காரம் இல்லை, நாக்கு மரத்துப்போகிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் ஆகுமே, அப்படி. நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்களும் சிரித்தார்கள். தட்டில் இடம் கொஞ்சம் காலியானாலும் லுவோ அம்மாவின் குச்சி வந்து நிரப்பிவிடும். போதும் என்பதற்கு இங்கேயும் மதிப்பில்லை.

நடுவில் சுலோசனா அவரை "மரியபுஷ்பம் டீச்சர்" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவர். இல்லை, இவர் லுவோ அம்மா என்றேன். சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "மரியபுஷ்பம் டீச்சர், நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே." மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். சுலோசனா குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

லுவோ அம்மா போனை எடுத்து மெதுவாகப் பேசினார். அது தமிழில் சொன்னது: "உங்கள் மனைவிக்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?"

கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்று என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு பிடி கொழுந்தை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நவம்பர் 1

காலையில் லுவோ அம்மா வந்தார். கையில் ஒரு மஞ்சள் நிறக் கைப்பட்டை. சுலோசனாவின் மணிக்கட்டைக் காட்டி, கட்டிவிடட்டுமா என்று சைகையில் கேட்டார். சிநேகிதத்துக்குக் கட்டுவது போல என்று நினைத்தேன். அதன் உள்பக்கம் சீன எழுத்தில் என்னமோ, ஒரு போன் எண். இது எதற்கு என்று போனில் கேட்டேன்.

"வழி மறக்கும் முதியவர்களுக்கு. பார்ப்பவர்கள் அழைப்பார்கள். இது என் கணவருடையது. எண் என்னுடையது."

அப்படி ஒன்றும் இல்லை, அவளுக்கு வயதுக்கேற்ற மறதிதான், ஒரு பள்ளிக்கூடத்துக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்று சொன்னேன். போன் இதையெல்லாம் எப்படிச் சொன்னதோ. அவர் பட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அலமாரி இழுப்பறையில் போட்டுவிட்டேன். மனிதரைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை. படுக்கும்போது குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு வைக்கிறேன். வந்த நாளிலிருந்தே போடுகிறேன்.

நவம்பர் 3

வெளியே போகவில்லை. சுலோசனா ஜன்னலிலேயே நின்றாள். கதவைத் திறந்தால் கைப்பிடியில், சிவப்புத் துணிக்குப் பக்கத்தில், ஒரு பை தொங்கியது. உள்ளே ஆவியில் வேகவைத்த பன், இன்னும் சூடாக. தட்டிக் கூப்பிடவில்லை, வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நவம்பர் 5

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. எழுதிவிடுகிறேன்.

காலையில் எழுந்தபோது ஜன்னல் திரையெல்லாம் மஞ்சளாக இருந்தது. வெயில். வந்ததிலிருந்து முதல் வெயில். குளிக்கப் போனேன். வெளியே வந்தால் நாற்காலி ஓரமாக, ஒழுங்காக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. செருப்பு இல்லை.

படியில் இறங்கி ஓடினேன். முற்றத்தில் யாரையும் காணோம், ஆட்டக்காரர்கள்கூட இல்லை. தெருவுக்குப் போனால் ஊரே தெருவில் நிற்கிறது. குகன் சொன்னது பொய்யில்லை. கம்பியெங்கும் போர்வையும் மெத்தையும் காயப்போட்டிருக்கிறார்கள். நடைபாதையில் நாற்காலி போட்டு வெயிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். புல்தரை முழுக்கக் குடும்பம் குடும்பமாய்ப் படுத்திருக்கிறார்கள். திருவிழாக் கூட்டம். இதில் எங்கே என்று தேடுவது? "சுலோ, சுலோ" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. யாரிடம் என்ன மொழியில் கேட்பது? போனை மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்ப ஓடி, லுவோ அம்மா கதவைத் தட்டினேன். நாலு நாளாக நான் முகம் கொடுக்காமல் இருந்த கதவு. திறந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் திறந்து கிடந்த எங்கள் கதவைப் பார்த்தார். அவர் செருப்பைக்கூட மாற்றவில்லை, வீட்டுச் செருப்போடு இறங்கினார்.

பூங்காவில் அன்றைக்கு எடுத்த படம் அவர் போனில் இருந்தது: நீல ஸ்வெட்டர், புடவை, சுலோசனா சிரிக்கிறாள். அதை அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, போனை வாயருகே வைத்துப் பேசினார். பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளப் பழகிய குரல். வாசல் காவல்காரர் எழுந்து ஒரு பக்கம் போனார். சந்தையில் ஆரஞ்சு விற்பவர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் வண்டியை நிறுத்திப் படத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். லுவோ அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். என்னையும் தொலைத்துவிடக் கூடாது என்பது போல. ஒவ்வொரு தெரு முனையிலும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ரோட்டைக் கடந்திருக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் போன் அடித்தது. கேட்டார். கையை மேலே தூக்கிக் காட்டினார்.

ஆற்றங்கரையில் வேறொரு குடியிருப்பு. அதன் முற்றத்தில் வெயில் விழுந்த இடத்தில் ஐந்தாறு பெண்கள் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து, நடுவில் குவித்திருந்த பட்டாணிக் கொழுந்தை ஆய்ந்து கொண்டிருந்தார்கள். அவர்களோடு சுலோசனா. முருங்கைக்கீரை ஆய்கிற அதே வேகத்தில், தண்டைக் கிள்ளி ஒரு பக்கம், கொழுந்தை ஒரு பக்கம். தோளில் யாருடையதோ சால்வை. பக்கத்தில் காலியான நூடுல்ஸ் கிண்ணம். ஒருத்தி அவளிடம் சீனத்தில் ஏதோ கதை சொல்ல, இவள் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் எந்தக் குறையும் இல்லை.

எங்கிருந்தோ தடுமாறி வந்திருக்கிறாள். கேட்டால் பதில் புரியவில்லை. அதனால் உட்கார வைத்திருக்கிறார்கள், சாப்பிட வைத்திருக்கிறார்கள். அவள் எழுந்தபோதெல்லாம் இன்னொரு பிடிக் கொழுந்தை மடியில் போட்டு மறுபடி உட்கார வைத்திருக்கிறார்கள். யாராவது தேடி வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அந்த முற்றத்தின் நடுவிலேயே அழுதேன். ஒருத்தி எழுந்து தன் முக்காலியை எனக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது லுவோ அம்மா வேண்டுமென்றே பின்னால் வந்தார். சுலோசனா என் கையைப் பிடித்திருந்தாள்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"வெயிலு வந்துதுங்க. துணி காயப்போடலாம்னு எறங்குனேன். அப்புறம் எந்த வீடுன்னு தெரியலை." வழியில் காயப்போட்டிருந்த ஒரு போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்குத் தெரியுமுங்க, எனக்கு என்னன்னு. போன வருசத்துலயிருந்தே தெரியும். நீங்க ஒண்ணுமில்லாத மாதிரியே இருந்தீங்க. செரி, உங்களால தாங்க முடியலையாட்ட இருக்குதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

நான்தான் அவளைப் பாதுகாத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

வந்ததும் இழுப்பறையைத் திறந்து மஞ்சள் பட்டையை எடுத்தேன். அவளே கையை நீட்டினாள். அப்புறம் குகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன நாளா தனியா வெச்சுட்டிருந்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

நவம்பர் 7

குகன் வந்துவிட்டான். ஆலை தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். ஊருக்குத் திரும்பியதும் கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறான். கூடவே வருகிறான்.

சாயங்காலம் லுவோ அம்மா வீட்டில் உட்கார்ந்தோம். போன் இல்லாமல், குகன் மூலமாக முதல் தடவை ஒழுங்காகப் பேசினோம். கதவை மூடி வைத்திருந்ததற்கு வருத்தம் சொன்னேன். அவர் கையை ஆட்டி ஒதுக்கிவிட்டார். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் குகன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

அவர் கணவர் ஒரு தடவை பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாராம். மறுநாள்தான் கிடைத்தாராம். யாரோ ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்து, சூப் கொடுத்து, கால் கழுவ வெந்நீர் வைத்து, போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நன்றி சொல்லப் போன போது அந்தத் தெருவையே இடித்துக்கொண்டிருந்தார்களாம்.

"அவங்களுக்குச் சொல்ல முடியலையாம்ப்பா. அதனால நீங்களும் சொல்ல வேண்டாங்கறாங்க."

எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். லுவோ அம்மா படத்திலிருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முதல் வருசம் பூரா அவரத் திருத்திட்டே இருந்தாங்களாம். இது இல்ல, அது இல்லன்னு. அந்த ஒரு வருசந்தான் வீணாப் போச்சுன்னு சொல்றாங்க."

சுலோசனா சாப்பிட்டீர்களா என்று அவரைக் கேட்டாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். லுவோ அம்மா ஒவ்வொரு தடவையும் வயிற்றைத் தடவிக்காட்டி, அந்தக் கேள்வி முதல் தடவையாகக் காதில் விழுவது போலவே பதில் சொன்னார்.

நவம்பர் 8

ஆற்றங்கரைப் பெண்களுக்குக் குகன் இனிப்பு வாங்கிப் போனான். திரும்பும்போது அவன் கையில் இரண்டு மடங்கு இருந்தது: முட்டை, பூசணிக்காய், ஒரு கட்டுக் கொழுந்து. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நவம்பர் 10

காலையில் மூன்று பேரும் ஆற்றோரம் நடந்தோம். வானம் பழையபடி மூடிக்கொண்டது. குகன் டீ வாங்கப் போனான். நாங்கள் கல்பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் ஓர் ஆள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சுலோசனா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பவானியில இந்த வருசம் தண்ணி கொறைச்சலா இருக்குதுங்க" என்றாள்.

இது பவானி இல்லை என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். கலக்கம் ஒன்றும் இல்லை. ஆற்றைப் பற்றிக் கவலைப்படுகிற முகம்.

"ஆமா சுலோ," என்றேன். "அடுத்த மாசம் மழை வந்தாச் செரியாப் போயிரும்."

அவள் தலையாட்டிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். குகன் டீயோடு வரும்வரை நாங்கள் அப்படியே பவானிக் கரையில் உட்கார்ந்திருந்தோம்.